லக்சபானா நின்ற காலமும் பாணந்துறை நின்ற நாளும்

மலையகத்து லக்சபானாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்த மின்சாரம் நின்றது 1990 ஜூனில். இரண்டாம் ஈழப்போர் தொடங்கிய கையோடு கரண்டும் போனது. வேலணைத் தீவில் எங்கள் ஒழுங்கையில் அப்போது இரண்டு வீட்டில்தான் கரண்ட் இருந்தது. மற்றவர்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. "லைற் நூந்தால் நூரட்டும், கிணறு நூருமோ?" என்று ஆச்சி கேட்டா.

ஓகஸ்டில் இராணுவம் தீவுகளில் இறங்கியது. மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பிடித்துக்கொண்டு போன இளைஞர்கள் பலர் இன்றுவரை திரும்பவில்லை. ஊர்காவற்றுறை, வேலணைப் பக்கத்துச் சனம் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் போனது. அடுத்த வருடம் புங்குடுதீவும் கிளம்பியது. எங்களுக்குப் பட்டணத்தில் உறவினர் வீட்டு விறாந்தை கிடைத்தது. பெரிய வீடு, சுவரெங்கும் சுவிச்சு, குசினியில் பிரிஜ், கிணற்றடியில் மோட்டர். எல்லாம் இருந்தன, ஒன்றும் ஓடவில்லை.

அந்த வீட்டுக்காரரை நான் குறைசொல்ல வரவில்லை. எங்களுக்கு இடம் தந்தவர்கள். ஆனால் யாழ்ப்பாணத்தில் 'தீவார்' என்ற சொல்லை எப்படி உச்சரிப்பார்கள் என்று அங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். படகேறி வருகிறவர்கள், உவர்த் தண்ணி குடிக்கிறவர்கள், நாகரிகம் பிந்தி வந்தவர்கள் என்ற எண்ணம் அந்த உச்சரிப்பில் இருக்கும். அந்த 1990இல், பட்டணத்து வீடு ஒன்றில் வீட்டுக்காரி மாமி ஆச்சிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, விறகடுப்பில் நெருப்பைத் தணலாக நிறுத்திவைப்பது எப்படி என்று கேட்டுப் படித்தா. ஆச்சி பெருமைப்படவில்லை. அவவுக்கு அது ஒரு வித்தையாகவே தெரியவில்லை.

மண்ணெண்ணெய் சங்கக்கடையில் அட்டைக்கு அளந்து கிடைக்கும். வெளியில் வாங்கப்போனால் வாயில் சொல்லமுடியாத விலை. பதுக்கி விற்றவர்களும் எங்கள் ஆட்கள்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும். பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து, உரம் என்று வடக்குக்கு வரக்கூடாதென்று அரசாங்கம் தடுத்த பொருட்களின் பட்டியல் நீண்டது. அந்தப் பட்டியலுக்குச் சனம் கொடுத்த மறுமொழிகளில் எனக்கு இன்றும் மதிப்புக் குறையாதது ஜாம் போத்தல் விளக்கு. வெறும் ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, பஞ்சு நனைகிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, பழஞ்சேலையில் திரித்த மெல்லிய திரியை ஒரு கம்பியில் கோத்து உள்ளே இறக்குவது. சுடர் போத்தலுக்குள்ளேயே நிற்பதால் காற்றுக்கு நூராது. தட்டிவிட்டாலும் எண்ணெய் ஓடாது, பஞ்சு பிடித்துக்கொள்ளும். அரிக்கன் லாம்பு குடிக்கிற எண்ணெயில் சிறு பங்கு போதும். அந்த வெளிச்சத்தில் படித்துப் பல்கலைக்கழகம் போனவர்கள் இன்று பல நாடுகளில் வைத்தியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் இருக்கிறார்கள். அதைக் கண்டுபிடித்தவர் யாரென்று எவருக்கும் தெரியாது. ஒரு வருடத்துக்குள் குடாநாடு முழுக்க அது எரிந்தது.

இரவில் செய்தி வேண்டும். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து பெடலைக் கையால் சுற்றினால் டைனமோ 6 வோல்ற் தரும். அது தருவது ஏசி; றேடியோவுக்கு டீசி வேண்டும். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிற பெடியள் பழைய றேடியோக்களிலிருந்து டயோட் நாலைக் கழற்றி, புத்தகத்தில் படம் போட்டிருந்த அதே சுற்றைப் பலகைத் துண்டில் பூட்டிக் கொடுத்தார்கள். 9.15க்கு பிபிசி தமிழோசை. அயலே விறாந்தையில் கூடியிருக்கும், முறைவைத்துச் சுற்றுவோம். கை களைத்தால் சத்தம் தேயும், உடனே இன்னொருவர் எழும்புவார். பத்திரிகைகள் கோடுபோட்ட கொப்பித் தாளில்கூட அச்சாகி வந்தன. மோட்டர் சைக்கிள்களுக்கு ஒரு சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு உதைத்து, இயந்திரம் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். தெருவெல்லாம் வெண்புகை. சவர்க்காரம் கிடைக்காத நாட்களில் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். அழுக்குப் போனது, வாசம் போகவில்லை. கொடியில் காய்ந்த சட்டைகளை மாடு வந்து சப்பிவிட்டுப் போகும்.

சீனிக்குப் பனங்கட்டி. அரிசி தட்டினால் குரக்கன் பிட்டு, ஒடியல் கூழ். பனாட்டு மாதக்கணக்கில் கெடாது, புழுக்கொடியல் வருடம் தாண்டும். ஆச்சியின் பெட்டியில் இவை எப்போதும் இருந்தன. போருக்கென்று அவ சேர்க்கவில்லை. தீவில் கச்சான் காற்று எழும்பினால் படகு ஓடாது, நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் சாமான் போகாது. அந்தக் காற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த சனத்துக்குத் தட்டுப்பாடு என்பது பருவம் மாதிரி. வரும், போகும், அதற்கு முன் பெட்டி நிரம்பியிருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் சனத்தின் கெட்டித்தனத்தால் வெல்ல முடியவில்லை. பக்கத்து வீட்டில் இன்சுலின் போடுகிற ஒரு அக்கா இருந்தா. பிரிஜ் இல்லை. மண்பானைக்குள் ஈரமணலைப் போட்டு அதற்குள் இன்னொரு சட்டியை இறக்கி, அதில் மருந்தை வைத்து நிழலில் வைத்திருந்தார்கள். ஈரம் ஆவியாகும்போது உள்ளே குளிரும்; மருந்து தாங்கியது. பிறகு மருந்தே வராத ஒரு காலம் வந்தது. அந்த அக்கா செத்துப்போனா. பானை கிணற்றடியில் கிடந்தது.

வில்லியம் ஃபோர்ஸ்ட்சன் என்ற அமெரிக்கர் 2009இல் எழுதிய 'ஒன் செகண்ட் ஆஃப்டர்' நாவலை, கனடாவிலிருந்து லீவுக்கு வந்திருந்த என் சொந்த அக்காவின் மகன் இங்கே விட்டுவிட்டுப் போனான். வானத்தில் வெடித்த அணுகுண்டின் மின்காந்தத் துடிப்பால் அமெரிக்காவின் மின்சாரம் முழுக்க அற்றுப்போகிறது. வட கரோலினாவில் ஒரு சிற்றூர் அதன்பின் எப்படித் தப்புகிறது என்பது கதை. கதாநாயகனின் மகளுக்கு நீரிழிவு. இன்சுலின் தீர்ந்து அவள் இறக்கிறாள். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்றுநேரம் வெளியே நின்றேன். அது கற்பனையாக எழுதப்பட்ட பக்கம். எனக்கு அந்த அக்காவின் வீட்டுப் படலை தெரியும்.

ஆனால் அந்த நாவலிலும் அதே வகையைச் சேர்ந்த வேறு கதைகளிலும் வருகிற ஒன்றை என்னால் ஏற்க முடியவில்லை. விளக்கு அணைந்து சில நாளுக்குள் மனிதன் மனிதனைக் கடிக்கத் தொடங்கிவிடுகிறான். அயலவன் எதிரியாகிறான், துப்பாக்கி வைத்திருப்பவன் தப்புகிறான். நாங்கள் வருடக்கணக்கில் இருட்டில் இருந்தோம். பயம் இருந்தது. அது வானத்திலிருந்து வந்தது, கடலிலிருந்து வந்தது, துவக்கு வைத்திருந்த எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. பக்கத்து வீட்டிலிருந்து வரவில்லை. ஒரு நெருப்புக்குச்சியை மிச்சப்படுத்த விளக்கை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொளுத்திய சனம் அது. துவக்கு ஒருவரின் வயிற்றையும் நிரப்பியதாக நான் காணவில்லை.

1995 ஒக்டோபர் கடைசியில் பட்டணத்துச் சனமும் வலிகாமத்துச் சனமும் முழுக்க மழையில் தென்மராட்சிக்கு நடந்தது. ஆச்சி சாவகச்சேரிக்கு அப்பால் ஒரு கொட்டிலில் கண்மூடினா. 1996க்குப் பிறகு டீசல் இயந்திரங்களால் பட்டணத்தில் துண்டு துண்டாகக் கரண்ட் வந்தது. போர் முடிந்து சில வருடம் கழித்து, கிளிநொச்சி வழியாக 132 கிலோவோல்ற் கம்பி சுன்னாகத்துக்கு வந்த பிறகுதான் யாழ்ப்பாணம் நாட்டின் கட்டமைப்போடு திரும்பவும் ஒழுங்காக இணைந்தது. பண்ணைப் பாலத்தால் கம்பி வேலணைக்கும் வந்தது. நான் ஊருக்குத் திரும்பினேன். அம்மா அதற்குப் பல வருடம் முன்பே அக்காவோடு கனடா போய்விட்டா.

2003 ஓகஸ்ட் 14, பின்னேரம் நாலு மணி கடந்த நேரம், ரொறன்ரோவில் கரண்ட் நின்றது. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் சூடேறித் தொய்ந்த கம்பிகள் மரத்தில் பட்டிருக்கின்றன. கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை கொடுக்க வேண்டிய கணினி மென்பொருள் செத்துக் கிடந்திருக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பிகள் விழ, அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் ஐந்து கோடிப் பேருக்கு மின்சாரமில்லை. ஸ்காபரோவில் அடுக்குமாடி ஒன்றின் மேல்மாடியில் அக்கா வீடு. லிப்ட் நின்றது. அத்தான் சன்னலால் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்க, அம்மா ஒன்றும் பேசாமல் குளியலறைக்குப் போய்த் தொட்டியை அடைத்துப் பைப்பைத் திறந்தாவாம். "கரண்ட் நிண்டால் பம்ப் நிக்கும். குழாயில நிக்கிற தண்ணி கொஞ்சம் வரும், முதல்ல அதைப் பிடியுங்கோ" என்றா. பிறகு அந்தத் தளத்தில் கதவு கதவாகத் தட்டி, பாஷை தெரியாமல் கையால் காட்டியே எல்லா வீட்டிலும் தண்ணி பிடிக்க வைத்தா. சற்றுநேரத்தில் குழாய்கள் வற்றின. அடுத்தநாள் பிரீசரில் உருகத் தொடங்கிய இறைச்சியையும் மீனையும் கீழே இறக்கி, புல்வெளியில் யாருடையதோ கரி அடுப்பில் எல்லாரும் சேர்ந்து சமைத்தார்கள். கயானாக்காரர், பிலிப்பைன்ஸ்காரர், சோமாலியர், எங்கள் ஆட்கள். அம்மாவின் பெயர் தெரியாததால் அந்தக் கட்டிடத்தில் அதன்பின் எல்லாரும் அவவை 'அம்மா' என்றே கூப்பிட்டார்களாம்.

அந்த அறிவு அங்கே போய்விட்டது. இங்கே என்ன மிஞ்சியிருக்கிறது என்பதை 2025 பெப்ரவரி 9 காட்டியது.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பதினொன்றரை மணி அளவில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று மின்மாற்றியில் பட்டது என்று அமைச்சர் அறிவித்தார். உலகமே அந்தக் குரங்கைப் பற்றிப் பேசியது. எனக்குக் குரங்கைவிட மற்றக் காரணம் முக்கியமாகப் பட்டது. விடுமுறை நாள், தேவை குறைவு, நல்ல வெயில். சூரியப் பலகைகள் மின்சாரத்தில் பெரிய பங்கைக் கொடுத்துக்கொண்டிருந்தன. கனத்த சுழலிகள் குறைவாக ஓடும்போது ஓர் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும் வலு கட்டமைப்பில் இருக்காது. 50 ஹேர்ட்ஸில் நிற்க வேண்டிய அதிர்வெண் சரிந்தது, நிலையங்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு விழுந்தன. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றதால் பிறகும் சில நாள் மின்வெட்டு இருந்தது. தெற்கே ஒரு மின்மாற்றியில் நடந்தது, அந்தக் கணமே வேலணையில் மோட்டரை நிறுத்தியது.

மதியத்துக்குள் ஒழுங்கையில் வாளி தேடத் தொடங்கிவிட்டார்கள். மாரி முடிந்து கிணறுகள் நிரம்பியிருந்த மாதம். எட்டிப்பார்த்தால் தண்ணி பக்கத்தில் தெரிகிறது. கிணற்றுக்கு மேலே வலை, ஒரு ஓரத்தில் பிவிசி குழாய், கூரையில் கறுப்புத் தாங்கி. கப்பி இல்லை, கயிறு இல்லை. இங்கே இப்போது இருப்பவர்களில் பாதிப்பேர் முதியவர்கள். பிள்ளைகள் பாரிசிலும் ரொறன்ரோவிலும். ஒரு ஐயா உடுப்புக் காயப்போடுகிற நைலோன் கொடியை அவிழ்த்துப் பெயின்ற் வாளியில் கட்டிப் பார்த்தார். முடிச்சு இறுகவில்லை, வாளி கிணற்றுக்குள் போனது. கைத்தொலைபேசிக் கோபுரத்தின் பற்றறியும் பின்னேரம் இறங்கிவிட, வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் எடுத்த அழைப்புகள் வந்து சேரவில்லை. நாட்டில் சில மணிநேரம் நின்ற மின்சாரம் அது. 2022இல் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு வந்தபோது முறைவைத்து வெட்டினார்கள். நேரம் தெரிந்ததால் தாங்கியை நிரப்பிவைத்தோம். அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340க்கு ஏறியபோது ஊர்காவற்றுறைக் கடற்றொழிலாளர் படகைக் கரையில் ஏற்றிவைத்தார்கள். அப்போதுகூட கிணறு எட்டாமல் போகவில்லை.

கிணற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் தீவில் எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. எங்கள் தீவுகளில் ஆறு கிடையாது, மலை கிடையாது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிற மழை சுண்ணக்கல்லுக்குள்ளும் மணலுக்குள்ளும் இறங்கி, அடியில் ஊறி நிற்கிற கடல்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. அதே கணக்கு எதிராகவும் வேலை செய்யும். மேலே ஓர் அடியை வேகமாக இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறிவரும். ஏறிய உப்பு இறங்கப் பல மாரி வேண்டும். வேலணைச் சாட்டியில் மணல்மேடுகளுக்குக் கீழே நிற்கிற நல்ல தண்ணியை நம்பித்தான் புங்குடுதீவு, ஊர்காவற்றுறைப் பக்கமெல்லாம் பவுசரில் குடிநீர் போனது.

துலாவால் இறைத்த காலத்தில் ஒரு மனிதனின் கையும் முதுகும் இறைப்புக்கு எல்லை வைத்தன. நீண்ட பனைமரத் துலா, நுனியில் கொடி, பனையோலைப் பட்டை. தோட்டத்துக்கு இறைக்கும்போது ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார், கீழே ஒருவர் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் கவிழ்ப்பார். ஒரு மணிநேரம் இறைத்தால் ஆள் ஓய்வார். ஆள் ஓய்கிற நேரத்தில் கிணறு ஊறும். மோட்டருக்கு ஓய்வு தேவையில்லை. தாங்கி நிரம்பி வழியும்வரை ஓடும். தீவின் கிணறுகள் சவராகி வருவதற்கு மோட்டர் ஒரு பெரிய காரணம் என்பதை நான் எங்கே பேசக் கிடைத்தாலும் சொல்கிறேன். சவரான கிணறுகளுக்கு மாற்றாக இன்று நெடுந்தீவிலும் நயினாதீவிலும் உவர்நீரைச் சுத்திகரிக்கும் இயந்திரங்கள் இருக்கின்றன. அவை நல்ல தண்ணி தருகின்றன, நன்றி. அவையும் கரண்டில்தான் ஓடுகின்றன.

அன்று மதியம் நயினாதீவிலிருந்து ஒரு நண்பர், கோபுரம் சாவதற்கு முன் அழைத்தார். நாடெல்லாம் கரண்ட் இல்லையென்று கேள்விப்பட்டு விசாரித்தார். "எங்களுக்கு இருக்குது, மின்விசிறி ஓடுது" என்றார். நயினாதீவும் நெடுந்தீவும் அனலைதீவும் தேசியக் கட்டமைப்போடு கம்பியால் இணைந்தவை அல்ல. அங்கே டீசல் இயந்திரம். டீசல் படகில் போகும். பட்டணத்தார் எங்களைப் பார்த்த மாதிரி, வேலணையில் நாங்கள் அந்தத் தீவுகளைப் பரிதாபமாகப் பார்த்த காலம் உண்டு. கம்பி எட்டாத இடம் என்போம். பெப்ரவரி 9இல் அந்தக் கம்பி எட்டாததுதான் அவர்களுக்கு வெளிச்சம்.

அந்த மூன்று தீவுகளின் விளக்குக்காக இரண்டு வல்லரசுகள் மோதிய கதையும் இருக்கிறது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு அங்கே காற்று, சூரிய ஒளி, மின்கலம் சேர்ந்த கலப்பு மின் திட்டத்தை 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். தமிழ்நாட்டுக் கரையிலிருந்து ஐம்பது கிலோமீற்றர் அளவில் இருக்கிற இடம் என்று இந்தியா எதிர்த்தது. 2022 மார்ச்சில் திட்டம் இந்திய நன்கொடைக்கு மாறி, 2024 மார்ச்சில் பெங்களூர் நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தமானது. 1 கோடியே 10 லட்சம் டொலர், 2,230 கிலோவாற். வரட்டும், நல்லது, டீசல் புகையும் படகுச் செலவும் குறையும். நான் கேட்பது ஒன்றுதான். புதிய இயந்திரம் வந்த பிறகும் அந்தத் தீவுகள் தங்கள் மின்சாரத்தைத் தாங்களே வைத்திருக்க வேண்டும். பழைய டீசல் இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டு போகக் கூடாது. ஒரு கம்பியை நம்பி இருந்து, அந்தக் கம்பி நின்றபோது என்ன நடந்தது என்பதற்குக் குடாநாடு முழுக்கச் சாட்சி இருக்கிறது.

வேலணையில் எங்கள் சனசமூக நிலையத்தின் கூட்டத்தில் நான் பேசினேன். ஒழுங்கைக்கு ஒரு பொதுக் கிணற்றில் கப்பி, கயிறு, வாளி. மோட்டர் பூட்டக் கூடாது. வருடத்துக்கு ஒருதரம் கயிறு மாற்ற வேண்டும். இளம் ஆட்கள் ஜெனரேற்றர் வாங்கலாம் என்றார்கள். வாங்கலாம், டீசல் கிடைக்கிற நாளில் ஓடும். கடைசியில் ஒரு கிணற்றுக்கு ஒப்புக்கொண்டார்கள்.

அன்றிரவு ஸ்காபரோவுக்கு எடுத்துச் சொன்னேன். அம்மாவுக்கு இப்போது காது மந்தம், இரண்டுதரம் சொல்ல வேண்டியிருந்தது.

"எந்தக் கிணறு? கோயிலடிக் கிணறோ, பள்ளிக்கூடத்தடியோ?"

"கோயிலடி அம்மா."

"அது பங்குனி பிறந்தால் சவர்க்கும். பள்ளிக்கூடத்தடிதான் வைகாசியிலயும் நல்ல தண்ணி. ஆச்சி அங்கதான் எடுத்தவ. நாளைக்கே போய்ச் சொல்லு." கொஞ்சம் நின்றுவிட்டு, "கயிறு என்ன கயிறு வாங்கினனீங்கள்?"

"நைலோன்."

"நைலோன் ஈரத்தில வழுக்கும், வயசு போனவையின்ர கையை அறுக்கும். தும்புக் கயிறு வாங்கு. வாளியில இறுக்கி முடிய உங்கை ஆருக்கும் தெரியாதெண்டால் போனை வீடியோவில போட்டுக்கொண்டு கிணத்தடிக்குப் போ, நான் இஞ்சையிருந்து காட்டுறன்."